மூன்றாவது பாட்டுக்குப் பிறகு

ஊசி இசைத்தட்டில் இறங்கிவிட்டால் கப்பல்காரர் வீட்டு மாடியில் யாரும் நடக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். மாடியின் தரை மரப்பலகை. ஒருவர் எழுந்து இரண்டடி வைத்தால் போதும், அந்த அதிர்வு மேசைக்கால் வழியாக ஏறி ஊசிக்குள் புகுந்து, ஸ்பீக்கரில் 'தொம்' என்று வந்து விழும். இருபத்தாறு வருஷம் கப்பல் எந்திரங்களுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனுஷன், இப்போது ஒரு கரப்பான் பூச்சி ஓடினாலும் முகம் சுளிப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே கூடுகிறவர்கள் பாத்ரூமுக்கு முன்கூட்டியே போய்விட்டு வந்து, பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி கால்களைச் சேர்த்து உட்கார்ந்துவிடுவார்கள். தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷம். அதுவரை தும்மல்கூட அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும்.

கூடுகிறவர்கள் மொத்தம் நாலு பேர். கப்பல்காரர் ஒருவர். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர். தட்டுகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவி நிழலில் காய வைப்பவர். மூன்றாமவருக்கு 'உறை' என்று பெயர். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலேயே அறுநூறு தட்டுகள் சேர்த்திருக்கிறார். அவர் வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவியே கிடையாது. நாலாமவர் பல்செட் செய்பவர். இரண்டு டாக்டர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை அவருடையது. செய்த பல்லை அச்சில் மாட்டி ஒருமுறை கடிக்க வைத்தால், எந்தப் பல் முந்துகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அதனால் குழுவில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் 'பல்லுக்காரர் காது என்ன சொல்லுது?' என்றுதான் முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் இருந்தது மழைப்படத்தின் புதுத் தட்டு. படத்துக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் எந்தக் காட்சியிலும் மழை விடாததால் இவர்களுக்கு அது மழைப்படம்தான். அதன் பழைய தட்டு ஆயிரம் பிரதிகூட வந்திருக்காது என்பார்கள். இவர்களில் யாரிடமும் இல்லை. யாரோ ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு கப்பல்காரர் ஒருமுறை பதினாலு மணி நேரம் ரயிலில் போய், அங்கே வெறும் உறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது ஒரு கம்பெனி மறுபதிப்பாகவே கொண்டு வந்துவிட்டது. உறையின் மேல் மூலையில் தங்க எழுத்தில் 'மூல ஒலிநாடாவிலிருந்து' என்று போட்டிருந்தது. நாலு பேரும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள்.

"நீங்க எப்பய்யா பிரிக்கப் போறீங்க?" என்று கப்பல்காரர் உறையைக் கேட்டார்.

"எதுக்குப் பிரிக்கணும்? கேக்கறதுக்குத்தான் நீங்க மூணு பேர் இருக்கீங்களே."

"கல்யாணம் பண்ணிட்டுப் பொண்டாட்டியை மாமியார் வீட்டுலயே விட்டு வெச்ச கதைதான்."

"சண்டை வராது பாருங்க," என்றார் உறை.

முதல் பக்கம் ஒரு இரைச்சலும் இல்லாமல் ஓடி முடிந்தது. அவ்வளவு சுத்தம். இரண்டாவது பக்கத்தைப் போட்டார்கள். மூன்றாவது பாட்டில் வயலின்கள் எல்லாம் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் தனியாக நிற்கிற இடம் வந்தது. அங்கே ஒரு 'டிக்'. கொஞ்சம் விட்டு இன்னொரு 'டிக்'.

பல்லுக்காரரின் முழங்கால் மேலிருந்த கை, தானாகவே எண்ண ஆரம்பித்தது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அதன் பிறகு ஒன்று வர வேண்டும், வராது என்று அவருக்குத் தெரியும். வரவில்லை. அந்த ஒரு சுற்று காலியாகப் போனது. பிறகு மறுபடி டிக், டிக், டிக், டிக். நாலு. அத்துடன் நின்றது. காலை வெயில் ஜன்னல் வழியாக அவர் பாதத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் பாதம் ஈரத் தரையில் வைத்ததுபோலச் சில்லிட்டுப் போயிற்று.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில், எங்கோ அடியில், கனமாக ஒன்று கேட்டது. தொம். பிறகு எதையோ இழுப்பது போல ஒரு 'ச்ச்'. தொம். ச்ச்.

"யாருய்யா நடக்கறது?" என்று திரும்பிப் பார்க்காமலே அதட்டினார் கப்பல்காரர்.

அவர் திரும்பினார். மூன்று பேரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் தன்னையறியாமலே இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலிக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

பக்கம் முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. டீச்சர் டார்ச்சை எடுத்துத் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்தார். மூன்றாவது பாட்டின் மேல் மயிரளவு கோடுகூட இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. மறுபடி அந்த இடத்தைப் போட்டு, செல்போனில் நேரம் பார்த்தார்.

"ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் ஒண்ணே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல. சரியா ஒரு சுத்து. இந்தத் தட்டுல கீறலே இல்ல. அப்போ கீறல் எங்கே இருக்கு? இவங்க எந்தத் தட்டுல இருந்து எடுத்தாங்களோ அதுல இருக்கு. டேப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏதோ ஒரு பழைய தட்டை ஓட்டிப் பதிஞ்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

"டேப்லயே அந்தச் சத்தம் இருந்திருக்கும் டீச்சர்." கப்பல்காரர்தான் எல்லோரையும் வாங்க வைத்தவர். கம்பெனியைப் பற்றிச் செல்போன் குழுவில் இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதியவரும் அவரே.

"டேப் எந்த ஊர்ல வட்டமாச் சுத்தி ஒரே இடத்துக்குத் திரும்பி வருது? மத்தப் பாட்டெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு. இது ஒண்ணு மட்டும் தட்டு. கம்பெனிக்கு எழுதுவோம். எல்லாத்தையும் திருப்பி அனுப்புவோம். வெக்கமில்லாம தங்க எழுத்துல வேற போட்டிருக்கான்."

"நான் பிரிக்கவே இல்லையே, நான் ஏன் அனுப்பணும்?" என்றார் உறை.

கடைசியில் மூன்று முகங்களும் பல்லுக்காரர் பக்கம் திரும்பின. அவர் தரைப்பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்வதென்றால் மூன்றே வார்த்தை. அது என் கீறல். ஆனால் சொன்ன மறுகணம், எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கேள்வி வராத இடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"டேப்தான்," என்றார்.

கப்பல்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார். டீச்சர் மட்டும் டார்ச்சை அணைக்காமல் அவரையே சிறிது நேரம் பார்த்தார்.

பல்லுக்காரரின் அக்காவுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் வலது காலை வாங்கிக்கொண்டு போயிருந்தது. வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் கண்ணால் தேடியதில்லை; காதுக்குத் தெரியும். தொம், ச்ச். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இருபத்தைந்து வயது, அவருக்குப் பதினேழு. முதல் சம்பளத்தில் அவள் அந்தத் தட்டை வாங்கி வந்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, இரண்டாவது பக்கத்தின் மூன்றாவது பாட்டை மட்டும் போடுவாள். முடிந்ததும் எழுந்து போய் மறுபடி போடுவாள். ஒருநாள் அவர் மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை சொன்னார். "இந்த ஒரு தடவை முடியட்டும்டா," என்றாள். அவர் எழுந்து போய் ஊசிக்கையை வெடுக்கென்று பிடுங்கினார். ஊசி எகிறுவதற்கு முன்னால் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு போட்டது. நடுவில் ஒரு சுற்றை மட்டும் தாண்டிக் குதித்திருந்தது. அக்கா தட்டைத்தான் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

"நீ நடக்கிற சத்தமே போதும் இந்த வீட்டுக்கு. பாட்டு வேறயா?"

சொன்னது அவ்வளவுதான். அடிக்கவில்லை, கத்தக்கூட இல்லை. அக்கா தட்டை எடுத்து உறையில் போட்டாள். அன்று இரவிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. அவள் நடந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் கேட்கவில்லை. திரும்பினால் பின்னால் நிற்பாள். எப்படி அவளால் அது முடிந்தது என்று அவர் இன்றும் யோசிப்பதுண்டு. பன்னிரண்டாம் நாள், பகலில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே அவள் ஒரு பையோடும் அந்தத் தட்டோடும் கிளம்பிப் போய்விட்டாள். அவள் கதவைத் தாண்டியது ஒருவர் காதிலும் விழவில்லை.

அதற்கு முதல் நாள் அப்பா அவளிடம் ஏதோ வெளியூர் வேலைக் கடிதம் பற்றிச் சத்தம் போட்டிருந்தார். அதனால் பழி மொத்தமும் அப்பா தலையில் போய் உட்கார்ந்தது. அம்மா அதன் பிறகு அப்பாவிடம் சரியாகப் பேசியதே இல்லை. தேடாத இடமில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்படி என்னடா சொல்லிட்டேன் அவளை?" என்று கேட்டார். அவர் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தார்.

வீட்டில் தன் புதுத் தட்டைப் பிரித்து அவர் போட்டது அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம். பட்டறைக்கு அரைநாள் லீவு விட்டிருந்தார். மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆறு டிக், ஒரு காலி, நாலு டிக். பாட்டு முடிந்தது. தொம், ச்ச். இந்த முறை, தொம் ஒன்று, ச்ச் இரண்டு என்று அவர் எண்ணினார். ஏழு அடி. ஞாயிற்றுக்கிழமை கேட்டது நாலுதான். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

மனைவி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "மேல யாருங்க நடக்கறது?"

"மேல ஏது? மொட்டை மாடிதானே."

"அதான் கேக்கறேன். அது பூட்டிக் கிடக்கு. சாவி நம்மகிட்டதானே இருக்கு." கூரையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பாட்டுல வர்ற சத்தம்."

"இது பாட்டா? நல்லா இருக்கு உங்க ரசனை," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அன்று மாலை வரை சமையலறைக் குழாயை அவள் முழுதாகத் திறக்காமல், சத்தமில்லாமல் மெல்லிய நூலாக விட்டே எல்லா வேலையையும் செய்ததை அவர் கவனித்தார்.

வியாழக்கிழமை டீச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார். பல் சரிபார்க்க என்று சாக்கு. பல்லுக்காரர் அவரது கீழ்ச்செட்டை வாங்கி, நீலத்தாளை வைத்து அச்சில் இரண்டு முறை கடிக்கவிட்டுப் பார்த்தார். ஒரு கடைவாய்ப் பல்லில் மட்டும் நீலம் அழுத்தமாக விழுந்திருந்தது. அதைத் தேய்க்க ஆரம்பித்தார். செட் இல்லாத வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு டீச்சர் பேசினார்.

"உங்க காது பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். வாய்தான் சொல்லிச்சு. ஏன்னு நான் கேக்க வரல. வேற ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்ட சொன்னாலும் கிழவிக்கு மறை கழண்டுடுச்சும்பாங்க."

அவர் தேய்ப்பானை நிறுத்தினார்.

"அந்தப் பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல இடைவெளி நாலு விநாடி. மூணு தடவை அளந்தேன். என் தட்டுல அந்த நாலு விநாடிக்குள்ள ஒன்பது அடி கேக்குது. ஒன்பது அடி நாலு விநாடியில வைக்கணும்னா ஓடணும். ஆனா அது ஓடல, சார். மெதுவா நடக்குது. ரொம்ப மெதுவா. கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு நான் கேக்கறேன். ஒன்பதும் நடந்து முடியுது, கடிகாரத்துல நாலு விநாடிதான் ஆகியிருக்கு." கைக்குட்டையை எடுத்தார். பல் இல்லாத அந்த முகம் பத்து வயது கூடித் தெரிந்தது. "முப்பத்திரண்டு வருஷம் லேப்ல பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லிக் கொடுத்தவ நான்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர் சொன்னார். தேய்த்த பல்லின் தூளை ஊதிவிட்டு, செட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அக்கா, ஊசிக்கை, தான் சொன்ன அந்த வாக்கியம், அப்பா, எல்லாவற்றையும் சொன்னார். வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்ன வாக்கியமா என்று அவருக்கே தோன்றியது.

டீச்சர் செட்டை வாங்கி வாயில் பொருத்திக்கொண்டு இரண்டு முறை கடித்துப் பார்த்தார்.

"கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. சண்டை போட இல்ல. அந்தத் தட்டு யார் கொடுத்ததுன்னு கேக்க."

கம்பெனியில் மூன்று பேரைத் தாண்டி, ஒலிப்பதிவு செய்தவரே லைனில் வந்தார். முதலில் மழுப்பினார். டிக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லி, ஏழாவது இடம் காலி என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"உங்ககிட்ட மறைக்க முடியாது போல இருக்கு. டேப்ல அந்த ஒரு பாட்டு மட்டும் வீணாப் போயிருந்தது சார். தட்டு வெச்சிருக்கிறவங்க கொடுத்து உதவுங்கன்னு விளம்பரம் போட்டோம். ஒரே ஒரு அம்மா அனுப்பினாங்க. அந்தக் கீறலை நான் பத்து நிமிஷத்துல எடுத்திருப்பேன். ஆனா தட்டோட ஒரு சீட்டு வெச்சிருந்தாங்க. 'நடுவுல கீறல் இருக்கும். அதை எடுத்துடாதீங்க. அது பாட்டைச் சேர்ந்தது'ன்னு. அவங்க பொருள், நாம என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம் வர்ற காலடிச் சத்தம்?"

"காலடியா?"

"பாட்டு முடிஞ்சதும்."

"சார், நாங்க பதிவு பண்றது அடித்தளத்துல, கருங்கல் மேசையில. யானை நடந்தாலும் ஊசிக்குத் தெரியாது. அன்னைக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன், அதுவும் உட்கார்ந்துதான் இருந்தேன். பாட்டு முடியற இடத்துல வெட்டிட்டேன். அதுக்கப்புறம் இருக்கிறது வெறும் வெற்றிடம். நானே வெச்ச வெற்றிடம். அதுல எதுவும் இருக்காது. அந்த அம்மாவோட தட்டைத் திருப்பி அனுப்பினேன். ஆள் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. என்கிட்டதான் இருக்கு. விலாசம் தரேன். தட்டு சேக்கறவங்க குரூப்ல மட்டும் சொல்லிடாதீங்க சார், புண்ணியமாப் போகும்."

விலாசம் அவர் பட்டறையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். இத்தனை வருஷமும் ஒன்றரை மணி நேரம்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் செல்போனை எடுத்துக் குழுவில் எழுதினார். 'ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய். தட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கீறல் நான் போட்டது.' கப்பல்காரர் உடனே 'நீங்க போட்டதுன்னா என்னய்யா அர்த்தம்?' என்று கேட்டிருந்தார். உறை, 'நல்லவேளை நான் பிரிக்கல' என்று எழுதியிருந்தார்.

குறுகலான தெருவில் ஒரு பழைய மாடிவீடு. கீழே துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்மணி, அவர் மாடியை நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வாடகைக்குத்தானே சார்? சாவி என்கிட்டதான் இருக்கு. நாலு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் இல்லையென்று சொல்லவில்லை. "முன்னாடி யார் இருந்தாங்கம்மா?"

"ஒரு அக்கா. தனியாத்தான். தபால்ல வர்ற கணக்குப் பேப்பரெல்லாம் சரிபாத்துக் கொடுக்கிற வேலை. பதினெட்டு வருஷம் எங்க தலைக்கு மேல இருந்தாங்க சார், ஒருநாள் ஒரு சத்தம்? ம்ஹூம். ஒரு கரண்டி விழுந்ததில்ல. படியில இறங்கும்போது பாத்தாத்தான் கால் சரியில்லைன்னு தெரியும், காதுக்குத் தெரியாது. நானே கேட்டிருக்கேன், 'ஏன்க்கா, பூனை மாதிரி நடக்கறீங்களே'ன்னு. சிரிப்பாங்க." இஸ்திரித் துணியை மடித்தார். "போன மழைக்கு நெஞ்சு வலின்னு தானே ஆட்டோ பிடிச்சுப் போனாங்க. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, போயிட்டாங்கன்னு சொன்னாங்க. சொந்தக்காரங்கன்னு யாரையும் எழுதி வெக்கல. எல்லாத்தையும் முனிசிபாலிட்டிக்காரங்களே பாத்தாங்க."

அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். இரும்பு வெயிலில் சுட்டது. விடவில்லை.

"நீங்க அவங்களுக்கு என்ன ஆகணும் சார்?"

"தம்பி," என்றார்.

பெண்மணி சாவியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பின்னு சொல்றதால சொல்றேன். தப்பா நினைக்காதீங்க. அவங்க போனப்புறம்தான் சத்தம். பட்டப்பகல்ல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா எலிங்கறார். எலி எங்கயாவது காலை இழுத்து இழுத்து நடக்குமா? எனக்குத் தலைவலி வந்துட்டா ஒட்டடைக்கம்பால மேல ரெண்டு தட்டு தட்டுவேன். நின்னுடும். பாவம், உடனே நின்னுடும்."

மாடியில் ஒரே அறை, ஒரு சமையலறை. காலியாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரை இங்கேயும் பலகைதான். அதன்மேல் கதவிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கட்டில் கிடந்திருக்க வேண்டிய மூலைக்கும் ஒரு தடம் ஓடியது. ஒரு முழ அகலத்துக்குப் பழுப்புப் பசை. கெட்டியான கம்பளித் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்து, வீட்டைக் காலி செய்தவர்கள் பிய்த்தெடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தடத்தை ஒட்டியே சுவரில், இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பு மழுங்கிக் கறுத்து, எண்ணெய் தேய்த்தது போலப் பளபளத்தது. உள்ளங்கை அகலம். பதினெட்டு வருஷம் அவள் பாதி உடம்பை அந்தச் சுவரில் இறக்கி வைத்து நடந்திருக்கிறாள். யாரும் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லாத வீட்டில்.

அவர் தடத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டிருந்தார். மேற்கொண்டு ஓரடி எடுத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. அவர் காதில் எதுவும் விழவில்லை. தெருச்சத்தம்கூட எப்போதோ நின்றுபோயிருந்தது. இந்தக் காதுக்காகத்தான் நாலு பேர் தன்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறேன், எனக்குக் கேட்கவில்லை.

அப்போது காலடியில் பலகை அதிர்ந்தது. கீழிருந்து, கம்பின் முனையால். டொக், டொக்.

"சார்!" இஸ்திரிப் பெண்மணியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "கொஞ்சம் மெதுவா நடங்க சார்! கொழந்தை தூங்குது!"

அவர் அசையாமல் நின்ற தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தாம்மா நடக்கறேன்," என்று சத்தமாகச் சொன்னார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க. இப்படித்தான் இருக்கும்."

அவர் பசைத்தடத்திலிருந்து பக்கவாட்டில் விலகி, எதிர்ச்சுவரில் முதுகைச் சேர்த்து, வயிற்றைக்கூட உள்ளிழுத்துக்கொண்டு, குறுகலான வழியில் எதிரே வருகிறவருக்கு இடம் விடுவது போல ஒட்டி நின்றார்.